கழுத்தைக் காக்கும் கருவி இருந்தும் ஏன் இறந்தார்கள்?

2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடைபெற்ற டேடோனா 500 கார் பந்தயத்தின் இரண்டு விபத்துகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள், எதில் உயிர் போயிருக்கும் என்று கேட்டால் தவறாகவே பதில் சொல்வார்கள். முதலாவதில் டோனி ஸ்டூவர்ட்டின் கார் காற்றில் எழும்பி, மற்ற கார்களின் மேல் புரண்டு விழுந்தது. அவர் உயிர் பிழைத்தார். இரண்டாவது விபத்து கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் நேர்ந்தது. டேல் ஏர்ன்ஹார்டின் 3ஆம் எண் கறுப்பு ஷெவர்லே நிலைதடுமாறி, சரிவான தடத்தில் மேல்நோக்கிப் பாய்ந்து, கான்கிரீட் சுவரில் மோதி, கீழே சறுக்கி வந்து நின்றது. தொலைக்காட்சியில் அது சாதாரண விபத்தாகவே தெரிந்தது. ஏழு முறை சாம்பியனான ஏர்ன்ஹார்ட் அதில்தான் இறந்தார்.

உருண்டு செல்லும் கார் தன் வேகத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. சுவரில் நேராக மோதும் காரோ கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனை வேகத்தையும் இழந்துவிடுகிறது. அப்போது சீட் பெல்ட் ஓட்டுநரின் உடலைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து தலை முன்னோக்கிப் பாய, கழுத்து இழுபட்டு, மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிகிறது.

இதற்கான மாற்று அன்று இல்லாமல் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் அவருடைய மைத்துனரும் பந்தய வீரருமான ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே ஹான்ஸ் என்ற கருவியை உருவாக்கியிருந்தார்கள். தோள்களின் மேல் அமரும் உறுதியான கழுத்துப்பட்டை அது. தோள்பட்டை பெல்ட்டுகள் அதை அழுத்திப் பிடித்திருக்கும். அதிலிருந்து இருபுறமும் வரும் வார்கள் ஹெல்மெட்டோடு இணைந்திருக்கும். மோதலின்போது தலையும் உடலோடு சேர்ந்தே நிற்கும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு. ஆனாலும் அன்றைய டேடோனாவில் அதை அணிந்திருந்தவர்கள் மிகச் சிலரே. முகம் திறந்த ஹெல்மெட்டையே விரும்பிய ஏர்ன்ஹார்ட் அதை அணியவில்லை.

அதற்கு முந்தைய ஏறத்தாழ ஒன்பது மாதங்களில், டேடோனா 500 உள்ளிட்ட அமெரிக்கக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு மூன்று வீரர்களை இழந்திருந்தது. 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் பயிற்சியின்போது 19 வயது ஆடம் பெட்டி இறந்தார். மாபெரும் வீரர் ரிச்சர்ட் பெட்டியின் பேரன் அவர். ஜூலையில் அதே தடத்தின் அதே வளைவில் கென்னி இர்வின் இறந்தார். அக்டோபரில் டெக்சஸில் டோனி ரோப்பர். மூவருக்குமே தலையிலோ கழுத்திலோ ஏற்பட்ட காயம். அணிவதா வேண்டாமா என்பதை ஓட்டுநரின் விருப்பத்துக்கே விட்டது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. அச்சத்தை வெளிக்காட்டாமல் இருப்பதையே பெருமையாகக் கொண்ட ஒரு தொழிலில், எவரும் தாமாக முன்வந்து பாதுகாப்பைக் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

ஏர்ன்ஹார்ட் இறந்த பிறகும் நாஸ்கார் உடனே கட்டாய விதி கொண்டுவரவில்லை. பலர் தாமாகவே அணியத் தொடங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சார்லட்டில், அன்று நாஸ்காருக்கு வெளியே இயங்கிய ஆர்கா என்ற தொடரின் கார் பந்தயத்தில் 25 வயது பிளேஸ் அலெக்சாண்டர் அத்தகைய கருவி ஏதும் அணியாமல் சுவரில் மோதி இறந்தார். அந்த விபத்தில் சிக்கிய மற்றொரு கார் ஏர்ன்ஹார்டின் மகன் கெர்ரியுடையது. அதன் பிறகே, அதே மாதத்தில், தலை-கழுத்துப் பாதுகாப்புக் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது.

சுவர்களும் மாறத் தொடங்கின. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உருவாக்கிய சேஃபர் என்ற சுவர்த் தடுப்பு, 2002இல் இண்டியானாபொலிஸ் தடத்தில் முதன்முதலாக நிறுவப்பட்டது. எஃகுக் குழாய்களுக்கும் கான்கிரீட் சுவருக்கும் இடையே நுரைக் கட்டிகளை வைத்து மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆயினும் 2015இல் டேடோனாவில் கைல் புஷ் மோதிய உட்புறச் சுவரில் அந்தத் தடுப்பு இல்லை. அவருடைய வலது காலும் இடது பாதமும் முறிந்தன. அந்தச் சுவருக்கும் தடுப்பு தேவை என்பதை நிரூபிக்க ஒருவரின் எலும்புகள் முறிய வேண்டியிருந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2001க்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் எந்த ஓட்டுநரும் விபத்தில் இறக்கவில்லை. 2020இல் டேடோனாவின் கடைசிச் சுற்றில் கோரமான விபத்தில் சிக்கிய ரையன் நியூமன், இரண்டே நாட்களில் தம் மகள்களின் கைகளைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியேறினார். இந்தச் சாதனையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2022இல் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அறிமுகமான புதிய காரின் பின்பகுதி மோதலில் போதிய அளவு நசுங்காததால், அதிர்ச்சி நேராக ஓட்டுநரின் உடலுக்கே போனது. மோதல்கள் முன்னைவிடக் கடுமையாக இருப்பதாக ஓட்டுநர்களே முறையிட்டார்கள். போகோனோ தடத்தில் மூளை அதிர்ச்சிக்கு உள்ளான ஓட்டுநர் கர்ட் புஷ் அதன் பின் நாஸ்கார் பந்தயங்களுக்குத் திரும்பவே இல்லை. அடுத்த பருவத்துக்குக் காரின் பின்பகுதி திருத்தப்பட்டது.

நாஸ்காரின் பெரிய தடங்களோடு இந்த விளையாட்டு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் சிற்றூர்களில் வார இறுதிதோறும் பந்தயம் நடக்கும் எத்தனையோ சிறு தடங்களில் இன்றும் வெறும் கான்கிரீட் சுவர்தான் இருக்கிறது. நுரைத் தடுப்புக்கு ஆகும் பெருஞ்செலவைத் தனியாக ஏற்க அவற்றின் உரிமையாளர்களால் இயலாது என்பது எனக்குப் புரிகிறது. தொலைக்காட்சி உரிமத்தில் கோடிக்கணக்கான டாலர் ஈட்டும் நாஸ்கார் அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். கழுத்துப் பாதுகாப்புக் கருவி அணியாத எவரையும், பதினைந்து வயதுப் புதுமுகமானாலும் உள்ளூர் சாம்பியனானாலும், எந்தத் தடமும் களத்தில் இறங்க அனுமதிக்கக் கூடாது.