பீட்டில்ஸின் ஆரம்ப நாட்களைப் படிக்க எந்தப் புத்தகம்?

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஆரம்ப காலம் மட்டும் போதும், 1963-க்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓரளவு தெரியும் என்றார். போனில் அரை மணி நேரம் பேசியும் எனக்கு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையன்கள் பின்னால் என்ன ஆகப்போகிறார்கள் என்பதை முதல் பக்கத்திலிருந்தே நினைவூட்டிக்கொண்டிருக்கும் புத்தகம் ஆரம்ப காலத்துக்கு உதவாது. 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலில், வூல்டன் தேவாலயத் திருவிழாவில் 16 வயது ஜான் லெனனும் 15 வயது பால் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள். அதை வரலாற்றுத் தருணம் என்று எழுதித் தாண்டிவிட்டால் அந்தச் சனிக்கிழமையில் இருந்த எதுவும் நமக்குக் கிடைக்காது. சின்னவன் கிட்டார் வாசித்துக் காட்டினான், பாட்டு வரிகளும் அவனுக்கு முழுசாகத் தெரிந்திருந்தன. இவனைச் சேர்த்தால் குழு பலப்படும், ஆனால் நம் தலைமை என்ன ஆகும் என்று மூத்தவன் யோசித்தான். எனக்கு அந்த யோசனைதான் வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலாவதாகத் தேறுவது மார்க் லூயிசனின் 'ட்யூன் இன்'. 2013-ல் வந்தது. முன்னோர்களில் தொடங்கி 1962 டிசம்பர் 31-ல் நின்றுவிடுகிறது. சாதாரணப் பதிப்பே 900 பக்கத்துக்கு மேல். விரிவான பதிப்பு இரண்டு புத்தகங்களாக ஏறக்குறைய 1,700 பக்கம். பக்கக் கணக்கைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சாதாரணப் பதிப்பை வாங்குங்கள், போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை. 1946-ல் பிளாக்பூலில் ஐந்து வயது ஜானை நடுவில் நிறுத்தி, அப்பாவா அம்மாவா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்களாம். குழந்தை முதலில் அப்பாவிடம் போய், பிறகு அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் ஓடியதாம். கப்பலில் வேலை பார்த்த அவன் அப்பா ஆல்ஃப் லெனன் சொன்னது இது. ஹன்டர் டேவிஸ் 1968-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்று, அதன் பிறகு புத்தகம் புத்தகமாகத் தொடர்ந்தது. லெனனின் பாடல்களில் உள்ள வலிக்கெல்லாம் இதுவே வேர் என்று விளக்கியவர்கள் பலர். நானும் நம்பினேன். லூயிசன் அன்று அந்த வீட்டில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு காட்சியே நடக்கவில்லை, பெரியவர்கள் அமைதியாகப் பேசி முடிவெடுத்தார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது மற்றப் புத்தகங்களில் இன்னும் எத்தனை விஷயங்களை இப்படி நம்பியிருக்கிறேன் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அதற்காக டேவிஸின் புத்தகத்தை ஒதுக்கக் கூடாது. பீட்டில்ஸின் சம்மதத்தோடு எழுதப்பட்ட வரலாறு அது. ஜானை வளர்த்த பெரியம்மா மிமி, மற்றவர்களின் பெற்றோர்கள், எல்லோரும் நினைவு பசுமையாக இருக்கும்போது அவரிடம் பேசியிருக்கிறார்கள். அந்தக் குரல்கள் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் மிமியின் மனம் கோணக் கூடாது என்று சில இடங்களை மென்மையாக்க வேண்டியிருந்தது. சம்மதம் வாங்கி எழுதும்போது இந்த விலை உண்டு.

அவர்களின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனின் 'எ செல்லர்ஃபுல் ஆஃப் நாய்ஸ்' 1964-ல் வந்தது. எழுதிக் கொடுத்தவர் டெரெக் டெய்லர். 1961 அக்டோபரில் ஒரு இளைஞன் தன் ரெக்கார்டு கடைக்கு வந்து ஒரு இசைத்தட்டைக் கேட்டபோதுதான் பீட்டில்ஸ் என்ற பெயரே தன் கவனத்துக்கு வந்தது என்கிறார் எப்ஸ்டீன். அதே ஆண்டு ஜூலையிலிருந்து 'மெர்சி பீட்' என்ற உள்ளூர் இசைப் பத்திரிகை அவர் கடையில் விற்றது. அதன் இரண்டாம் இதழின் முதல் பக்கச் செய்தியே பீட்டில்ஸ்தான். அதில் எப்ஸ்டீனே பத்தி எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே ஏற்பது கடினம். ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பது இங்கிலாந்தில் அன்று சட்டப்படி குற்றம். தன் வாழ்க்கையின் முக்கியமான ஒன்றை மறைத்துத்தான் அவர் அந்தப் புத்தகத்தைத் தர முடிந்தது. ட்யூன் இன் படித்த பிறகு இதைப் படித்தால் அவர் எங்கெங்கே மௌனமாகிறார் என்பதும் புரியும்.

ஃபிலிப் நார்மனின் 'ஷவுட்!' 1981-ல், லெனன் கொல்லப்பட்ட சில மாதங்களில் வந்தது. நான் முதலில் படித்தது அதைத்தான். நாவல் மாதிரி ஓடும். ஆனால் லெனன்தான் பீட்டில்ஸில் முக்கால்வாசி என்று அப்போது வெளிப்படையாகச் சொன்னவர் நார்மன், அந்தச் சாய்வு புத்தகம் முழுக்கத் தெரிகிறது. பாலையும், குழுவின் இன்னொரு கிட்டார்க்காரர் ஜார்ஜ் ஹாரிசனையும் அதை வைத்து எடை போட்டுவிடாதீர்கள். நானே பல வருடம் அப்படித்தான் பாலைத் தவறாக நினைத்திருந்தேன்.

அப்புறம், மைக்கேல் பிரவுனின் 'லவ் மீ டூ'. 1964-ல் வந்த சின்னப் புத்தகம். 1963 கடைசியிலும் 1964 தொடக்கத்திலும் கூடவே சுற்றி, கேட்டதை எழுதியிருக்கிறார். எங்களை உள்ளபடி காட்டிய புத்தகம் என்று லெனனே பின்னாளில் இதைப் பாராட்டினார். ஆரம்ப காலத்தின் கடைசி ஓரம் இது. கிடைத்தால் விடாதீர்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ட்யூன் இன். இரண்டுக்கு இருந்தால் பிரவுனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாம்பர்க் பகுதிக்காகவே கூட லூயிசனை வாங்கலாம் என்பேன். ஜெர்மனியில் உள்ள அந்த ஊருக்கு 1960 ஆகஸ்டில் வாசிக்கப் போனார்கள். இந்திரா என்ற கிளப்பில் தொடர்ந்து 48 இரவுகள் வாசித்தார்கள். படுக்கை ஒரு சினிமா தியேட்டரில், திரைக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில். ஜார்ஜுக்கு 17 வயது. வயது போதாதென்று நவம்பரில் நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

1962 ஏப்ரல் 10 அன்று, பழைய பேஸ் கிட்டார்க்காரரும் ஜானின் உயிர் நண்பருமான ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஹாம்பர்க்கில் 21 வயதில் இறந்துபோனார். மறுநாள் ஜானும் பாலும் டிரம்மர் பீட் பெஸ்ட்டும் அங்கே விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். ஸ்டூவர்ட்டை மணக்கவிருந்த ஆஸ்ட்ரிட் கிர்ஷெர் விமான நிலையத்தில் காத்திருந்து செய்தியைச் சொல்கிறார். 13-ம் தேதி ஸ்டார் கிளப் திறப்பு விழா, மேடை ஏறியாக வேண்டும். ஏறினார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது.