டப்மன் மீட்டது 300 பேர் அல்ல

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறகு மற்ற அடிமைகளையும் மீட்ட ஹாரியட் டப்மன், அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களுக்கு 19 முறை போய் 300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் பரிசு அறிவித்திருந்தார்கள் என்று சொல்வதுண்டு. இரண்டும் சரியல்ல. அந்த 300, சாரா பிராட்ஃபோர்டு 1860களின் இறுதியில் எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவிய எண். டப்மனே கூட்டங்களில் சொன்ன கணக்கு இதைவிட மிகக் குறைவு. ஆவணங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் சொல்வது, சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். 40,000 டாலருக்கு ஆதாரமே இல்லை. 1849இல் அவரும் சகோதரர்கள் இருவரும் தப்பியபோது வந்த விளம்பரம், பிடித்துத் தருவோருக்கு ஆளுக்கு 100 டாலர் வரைதான் தருவதாகச் சொன்னது.

எண் குறைந்ததால் அவர் குறைந்துவிடவில்லை. மேரிலாண்டில் தன்னை அடிமையாக வைத்திருந்தவர்களின் வட்டாரத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். பெரும்பாலும் இரவு நீண்ட குளிர்காலத்தில். சனிக்கிழமை இரவில் கிளம்புவார், ஏனென்றால் திங்கட்கிழமைக்கு முன் பத்திரிகையில் விளம்பரம் வராது. கூட்டிவந்தவர்களில் பலர் சொந்தக்காரர்கள். தப்பிய அடிமைகளை வடக்கு மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்ன 1850 சட்டத்துக்குப் பிறகு கனடா வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பெரிய எண்தான் வேண்டுமென்றால் 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றில், உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படை நடத்திய நடவடிக்கையைச் சொல்லுங்கள். அவர் திரட்டிய உளவுத் தகவலோடு போன படகுகளில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள்.