ஆய்வரங்கோடு நின்றுபோகும் போதைப்பொருள் ஆய்வுகள்

திருகோணமலையில் போதைப்பொருள் பாவனையிலிருந்து மீள முயல்பவர்களோடும் அவர்களது குடும்பத்தினரோடும் பணியாற்றும் உளவளத்துணையாளர் என்ற வகையில், இத்துறையில் ஆய்வு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஆய்வரங்கில் சமர்ப்பித்த ஆய்வை அத்துடன் விட்டுவிடாதீர்கள். அதை முழுக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகையொன்றில் வெளிவரச் செய்யுங்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஆய்வாக இருந்தால், அதைக் கட்டாயம் வெளியிடுங்கள்.

ஆய்வுகள் ஆய்வரங்கோடு நின்றுபோவது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல. போதைப்பொருள் சார்ந்த பிரச்சினைகளை ஆராயும், சீ.பி.டி.டி. எனப்படும் அமெரிக்க ஆய்வமைப்பு 1993 முதல் 2002 வரை நடத்திய ஆண்டுக் கூட்டங்களின் ஆய்வுச் சுருக்கங்களை இத்தாலிய ஆய்வாளர்கள் தேடிப் படித்து, 2009இல் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 5,919 சுருக்கங்கள். அவற்றுள் ஒரு சிகிச்சையோ தடுப்பு முயற்சியோ பலன் தருகிறதா என்பதை ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்தவை 581. இந்த 581இல் 359, அதாவது 62 சதவீதம், சராசரியாக 2.6 ஆண்டுகளில் முழுக் கட்டுரைகளாகின. மருத்துவத் துறைகள் அனைத்தையும் சேர்த்து 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வில் இந்த அளவு 37.3 சதவீதமே என்பதால், 62 என்பது நல்ல எண்ணாகவே தோன்றும். ஆனால் எவை வெளிவந்தன என்று பார்க்கும்போதுதான் கவலை பிறக்கிறது. சாதகமான முடிவைச் சொன்ன ஆய்வுகளில் 74.5 சதவீதம் அச்சேறின. பலனில்லை என்றோ பாதகம் என்றோ சொன்னவற்றில் 47.1 சதவீதம்தான் அச்சேறின. ஆகவே, எந்தச் சிகிச்சையைத் தெரிவு செய்வது என்று சஞ்சிகைகளைப் புரட்டும் ஒருவருக்கு, உண்மையில் உள்ளதைவிட நம்பிக்கையூட்டும் ஒரு சித்திரமே கிடைக்கிறது.

இதன் விளைவை நாங்கள் இங்கே நேரடியாகவே அனுபவிக்கிறோம். பாடசாலை மாணவருக்கான விழிப்புணர்வுத் திட்டமொன்றை மூதூர்ப் பக்கத்தில் நடத்த ஆயத்தமானபோது, அதே போன்ற திட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வுச் சுருக்கம் ஆய்வரங்கு மலரொன்றில் கிடைத்தது. அறிமுகம், நோக்கம், முறை, முடிவு எல்லாமே அரைப் பக்கத்தில் அடங்கியிருந்தன. வகுப்புக்கு முன்னும் பின்னும் வினாக்கொத்துக் கொடுத்ததாகவும் மாணவரின் அறிவு அதிகரித்ததாகவும் எழுதப்பட்டிருந்தது. அந்த மாணவர்கள் ஆறு மாதங்களின் பின் எப்படி இருந்தார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள், என்ன கேள்விகள் கேட்கப்பட்டன என்பவற்றுக்கு அதில் இடமில்லை. கேட்டு எழுதிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகம் கொடுத்த முகவரி, பட்டம் பெற்றதும் செயலிழந்திருந்தது. முழுக் கட்டுரை எங்குமே இல்லை. போதைப்பொருள்கள் மாறும் வேகத்தையும் இங்கே நினைக்க வேண்டும்: முன்பு ஹெரோயினைப் பற்றி எங்களிடம் கேட்ட தாய்மார் இப்போது ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைனைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டரை ஆண்டுத் தாமதம்கூட எங்களுக்கு நீண்ட காலம்தான்.

சஞ்சிகைகள் நிராகரிப்பதே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியிடாத ஆய்வாளர்களிடமே காரணம் கேட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மீளாய்வு, நேரமின்மையையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. நான் அதை நம்புகிறேன். பட்டம் முடிந்த மாணவர் வேலை தேடிப் போய்விடுகிறார். மேற்பார்வையாளருக்கு அடுத்த தொகுதி மாணவர்கள் வந்துவிடுகிறார்கள். ஆய்வரங்கில் சமர்ப்பித்ததற்கான சான்றிதழோடு அந்த ஆய்வின் பயணம் முடிந்துவிடுகிறது.

ஆனால் போதைப்பொருள் ஆய்வுக்கு வேறெந்த ஆய்வையும்விடக் கூடுதலான கடப்பாடு உண்டு. சட்டத்துக்கும் பொலிஸுக்கும் அயலவரின் பேச்சுக்கும் பயந்து வாழும் ஒருவர், தான் எப்போது தொடங்கினார், வீட்டிலிருந்து எதை எடுத்து விற்றார், எத்தனை முறை விட்டுவிட்டுத் திரும்பப் போனார் என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு மாணவரிடம் சொல்கிறார். தன்னால் இன்னொருவர் தப்பட்டும் என்பதற்காகவே பலர் பேசுகிறார்கள். இதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். சாதகமற்ற முடிவுகளும் தெளிவற்ற முடிவுகளும் வெளியிடப்பட வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளைக் கூறும் ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்வதும் இத்தகையோரை மனத்தில் வைத்துத்தான் என்று கருதுகிறேன்.

ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டும். இன்று ‘அடிக்ஷன்’ என்ற பெயரில் வரும் புகழ்பெற்ற சஞ்சிகை, 1884இல் பிரித்தானியச் சங்கமொன்றின் கூட்ட நடவடிக்கைகளின் பதிவாகவே தொடங்கியது. கூட்டத்தில் வாசிப்பதும் அச்சிடுவதும் அன்று ஒரே பணியாக இருந்தன.

அதை இங்கும் செய்யலாம். சுருக்கத்தை அனுப்பும்போதே முழுக் கட்டுரையின் முதல் வரைபை யார், எந்தத் திகதிக்குள் எழுதுவது என்று மாணவரும் மேற்பார்வையாளரும் எழுத்தில் உடன்படட்டும். நிலையான மின்னஞ்சல் முகவரியொன்றைச் சுருக்கத்தில் இடட்டும். சஞ்சிகை தாமதித்தால் சஞ்சிகையில் வருமுன்பே கட்டுரைகளை இணையத்தில் பகிரும் முன்பதிப்புத் தளமொன்றில் கட்டுரையை ஏற்றலாம். ஆய்வரங்கை நடத்தும் பீடங்கள், கடந்த ஆண்டு சமர்ப்பிக்கப்பட்ட ஒவ்வோர் ஆய்வும் இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதை இவ்வாண்டு மலரின் இறுதிப் பக்கங்களில் அச்சிடட்டும். வினாக்கொத்தும் அட்டவணைகளும் கைக்கு வந்தால், அடுத்த திட்டத்தை நாங்கள் அவற்றிலிருந்து தொடங்குவோம்.