மயக்க மருந்து பழைய பயத்தை அழிக்காது

"ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து பழைய பயத்தையெல்லாம் அழித்துவிடும், கூடவே ஞாபகமும் போய்விடும்" என்று பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மிடசோலம் போன்ற மயக்க மருந்து, உடம்பில் ஏறிய பிறகு நடப்பதை மூளை பதிந்துகொள்ள விடாது. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனது மறந்து போகலாம். ஆனால் சின்ன வயதில் தாமிரபரணிச் சுழலில் சிக்கிய பயம் அப்படியேதான் இருக்கும்.

2019இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே காட்டிய படக்கதையை நினைவூட்டிவிட்டு உடனே புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு நாள் கழித்துக் கேட்டபோது, மனதை உலுக்கும் பகுதி மங்கியிருந்தது. அது படக்கதை, வாழ்ந்து பட்ட பயம் அல்ல.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஆச்சி குழம்பிப் பேசினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.