பாஸ் வைத்திருப்பவர்களுக்கு வலிக்காத விலை

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டே முக்கால் இருக்கும். நாங்கள் வழக்கமாகப் போகும் பனிச்சறுக்கு மலையின் டிக்கெட் கவுன்டர் முன்னால் ஒரு அப்பா, இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தார். ஜீன்ஸ் போட்டிருந்தார். பனிக்குப் பழகியவர்கள் ஜீன்ஸ் போட மாட்டார்கள், அரை மணி நேரத்தில் நனைந்து விறைத்துவிடும். சின்னவன் நெற்றியில் நீச்சல் குளத்துக்குப் போடும் கண்ணாடியை மாட்டியிருந்தான். முதல் தடவை வருகிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

கவுன்டரில் இருந்த பெண் விலையைச் சொன்னாள். "மூன்று பேருக்குமா?" என்று அவர் கேட்டார். இல்லை, பெரியவர் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு. அவர் கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் பிள்ளைகளிடம் குனிந்து ஏதோ சொல்லி, இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிங் பக்கம் நடந்துவிட்டார். நான் லிஃப்டை, அதாவது மலைமேல் ஏற்றிக்கொண்டு போகும் தொங்கு நாற்காலிகளை, நோக்கிப் போனேன். என் பாக்கெட்டில் சீசன் பாஸ், குளிர்காலம் முழுக்கச் செல்லும் சீட்டு, இருந்தது, கேட் தானாகத் திறந்தது. அன்று லிஃப்டுக்கு நான் தனியாக ஒரு காசு கொடுக்கவில்லை.

மலையின் பெயரைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது, சில வருடங்களுக்கு முன்னால் கைமாறியது, அவ்வளவு போதும். கைமாறிய நாளிலிருந்து லிஃப்ட் வரிசையில் நிற்கும்போதெல்லாம் காதில் விழுவது ஒரே பேச்சு. விலையை ஏற்றிவிட்டார்கள், கூட்டத்தை ஏற்றிவிட்டார்கள், மலை எங்களுடையதாக இல்லை. நானும் அதில் சேர்ந்து பேசியவள்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, நாங்கள் கோபப்பட வேண்டிய விஷயத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ கோபப்படுகிறோம் என்று தோன்றுகிறது. அதைத்தான் எழுத நினைத்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

போன வாரம் மதுரையிலிருந்து சித்தப்பா பேசினார். "ஏம்மா, அது பணக்காரங்க விளையாட்டுதானே? விலை ஏறினா உனக்கென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அது எப்போதுமே பணக்காரர் விளையாட்டாக இருந்ததில்லை என்பதுதான் என் பதில்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் (இங்கே பாஸ் என்றால் கணவாய்) என்று ஒரு மலை இருக்கிறது. சியாட்டிலிலிருந்து இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் போனால் கணவாயின் உச்சியிலேயே வரும். அங்கே 1937-38 குளிர்காலத்தில் முதன்முதலில் ஓடியது ஒரு கயிறு. பழைய ஃபோர்டு வி-8 கார் எஞ்சினை வைத்துச் சுழலவிட்ட நீளக் கயிறு, அவ்வளவுதான். அதைக் கையால் பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துக்கொண்டு போகும். கொலராடோவில் வெயில் (Vail) என்ற மலை 1962 டிசம்பரில் திறந்தபோது ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் 5 டாலர். விலைவாசி ஏற்றத்தையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் இன்றைக்கு ஐம்பது டாலர் சொச்சம் வரும். அதே வெயில் மலையில் 2024-25 சீசனின் கூட்ட நாட்களில் கவுன்டர் விலை 329 டாலர். கணவன் மனைவி இரண்டு பேருக்கு மட்டும் 658. இதில் பூட்ஸ் வாடகை, ஸ்கீ (சறுக்குப் பலகை) வாடகை, பிள்ளைகள், மத்தியானச் சாப்பாடு எதுவும் சேரவில்லை.

இந்த விலை எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள, மலைகளை வாங்கிக்கொண்டே போகும் நிறுவனங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். வெயில் மலையை நடத்தும் வெயில் ரிசார்ட்ஸ் 2014-இல் யூட்டாவின் பார்க் சிட்டியை 18.25 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-இல் கனடாவின் விஸ்லர். 2018-இல் ஸ்டீவன்ஸ் பாஸ், 6.7 கோடி டாலர். போட்டிக்கு வந்த ஆல்டெரா அதே 2018-இல் வாஷிங்டனின் கிரிஸ்டல் மலையை வாங்கியது. வெயில் ரிசார்ட்ஸிடம் எபிக் பாஸ், ஆல்டெராவிடம் ஐகான் பாஸ், ஒரே பாஸில் பல மலைகளில் சறுக்கலாம். இந்த வியாபாரத்தின் உயிர் அந்தப் பாஸில்தான் இருக்கிறது. பனி எந்த வருடம் பெய்யும், எந்த வருடம் ஏமாற்றும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பனி விழுவதற்கு முன்பே, வசந்தத்திலும் கோடையிலும் பாஸை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பனி பெய்யாவிட்டாலும் கம்பெனி தாங்கும். கவுன்டரில் ஒரு நாள் டிக்கெட்டின் விலையை அவ்வளவு உயரத்தில் வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். அதைப் பார்த்து மிரண்டு, அடுத்த வருடமாவது முன்கூட்டியே பாஸ் வாங்க வேண்டும் என்று நாம் முடிவெடுக்க வேண்டும்.

இங்கேதான் நாம் உள்ளதை உள்ளபடி பேச வேண்டும். எபிக் பாஸ் 2008-இல் வந்தபோது 579 டாலர். 2021-இல் விலையை 20 சதவீதம் குறைத்து 783 ஆக்கினார்கள். 2025-26-க்கு 1,051. ஒரு சீசனில் இருபது நாள் போகிறவருக்கு நாளுக்கு ஐம்பது டாலர் சொச்சம் ஆகிறது. மேலே சொன்ன 1962-இன் 5 டாலருடைய இன்றைய மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே தொகை! அறுபது வருடமாக எங்களுக்கு, அதாவது பழக்கப்பட்டவர்களுக்கு, விலை ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆறு மடங்கு ஏறியது நீச்சல் கண்ணாடி போட்ட அந்தப் பையனுடைய அப்பாவுக்குத்தான். எங்கள் சலுகைக்கான பணம் அவர் மாதிரி ஆட்கள் கொடுப்பதிலிருந்து வருகிறது, அல்லது அவர் வராமலே போய்விடுகிறார். லிஃப்ட் வரிசையில் நின்று நாங்கள் புலம்புகிறபோது இதை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

முன்கூட்டியே வாங்கினால் ஒரு நாள் பாஸ்கூட மலிவாகக் கிடைக்குமே என்பார்கள். உண்மைதான். டிசம்பர் தொடக்கத்துக்குள் வாங்கிவிட்டால் கவுன்டர் விலையில் சிறு பங்குதான். ஆனால் முதல் தடவை போகிறவர் அப்படியா முடிவெடுப்பார்? வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது பிள்ளை கேட்கும், "அப்பா, ஸ்கூலில் எல்லாரும் போயிருக்கிறார்கள், நாமும் போகலாமா?" சனிக்கிழமை காலை வண்டியை எடுப்பார். பிப்ரவரியில் வரப்போகும் ஆசைக்கு நவம்பரிலேயே பணம் கட்டச் சொன்னால் யாரால் முடியும்?

சரி, பனிச்சறுக்குக்காரர்கள் கோபப்பட்டு எதுவும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்டீவன்ஸ் பாஸில் நல்ல பனி கிடந்தது, ஆனால் லிஃப்ட் ஓட்ட ஆள் இல்லை. மலையின் பின்பக்கச் சரிவுகள் வாரக்கணக்கில் திறக்கவே இல்லை. மலிவு பாஸை நம்பி வந்த கூட்டம் முன்பக்கத்தில் முண்டியடித்தது. நிறுவனத்தைப் பொறுப்பேற்கச் சொல்லி இணையத்தில் ஒரு மனு தொடங்கியது, 40,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரலுக்குப் புகார்கள் போயின. மலைக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். 2022 மார்ச்சில் அடுத்த சீசனிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. மனு மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த வருடம் எல்லா இடத்திலும் ஆள் பஞ்சம் இருந்தது. ஆனாலும் சத்தம் போட்டால் கேட்கும் என்பது தெரிந்தது.

என் மனதை அதைவிட அதிகமாகத் தொட்டது பார்க் சிட்டியில் நடந்தது. 2024 டிசம்பர் 27, கிறிஸ்துமஸ் விடுமுறையின் உச்சக் கூட்டம். மலையில் அடிபட்டவர்களைத் தூக்கி வருவது, விடியற்காலையில் வெடி வைத்துப் பனிச்சரிவு அபாயத்தைப் போக்குவது என்று உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்கும் ஸ்கீ பேட்ரோல் ஊழியர்கள், ஏறக்குறைய 200 பேர், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலர், அதை 23 ஆக்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டே டாலர். அவர்கள் இல்லாமல் சரிவுகளைத் திறக்க முடியாது. 300 டாலருக்கு மேல் கொடுத்து வந்தவர்கள் லிஃப்ட் அடியில் மணிக்கணக்கில் நின்றார்கள். இவ்வளவு பணம் கட்டி வந்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தவர்களைத் திட்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் வரிசையில் நின்றவர்கள் "ஊழியர்களுக்குச் சம்பளம் கொடு" என்று கூட்டமாகக் கோஷம் போட்டார்கள். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. வேலைநிறுத்தம் ஜனவரி 8 அன்று முடிந்தது, கூலி உயர்ந்தது. விடுமுறை கெட்டவர்களுக்கு அடுத்த பாஸில் கழிவு கொடுக்க வேண்டி வந்தது. ஐந்து மாதத்துக்குள் வெயில் ரிசார்ட்ஸின் தலைமை நிர்வாகியும் மாறினார்.

தனக்கு நேர்ந்த நஷ்டத்தை விட்டு அடுத்தவன் கூலிக்காகக் குரல் கொடுத்தவர்கள் நாம். அதே குரலைக் கவுன்டரில் திரும்பிப் போகிறவருக்காகவும் கொடுத்தால் என்ன? அதைத்தான் கேட்கிறேன்.

அப்படிக் கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் இது. இந்த மலைகளில் பல அந்த நிறுவனங்களின் சொத்தே கிடையாது! ஸ்டீவன்ஸ் பாஸ், கிரிஸ்டல், வெயில் எல்லாம் தேசியக் காட்டு நிலத்தில் இருக்கின்றன. 120-க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு மலைகள் இப்படி அமெரிக்க வனத்துறையின் அனுமதிச் சீட்டில் ஓடுகின்றன. லிஃப்டும் கட்டடமும் நிறுவனத்துடையவை, மண் மக்களுடையது. அதற்கு அவர்கள் அரசுக்குக் கட்டுவது, 1996-இல் வந்த சட்டப்படி, வருமானத்தில் ஒன்றரையிலிருந்து நான்கு சதவீதம். என் வரியும் கவுன்டரில் நின்ற அந்த அப்பாவின் வரியும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் காடு அது. அதன் சரிவில் ஒருவர் முதல்முறை வழுக்கி விழ 300 டாலர் கேட்பது தவறு. அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கும்போது, ஆரம்பநிலைச் சரிவில் மட்டுமாவது எல்லோரும் கொடுக்கக்கூடிய ஒரு விலை வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் எந்தக் கம்பெனியும் திவாலாகிவிடாது. புதிய அதிவேக லிஃப்டுக்குப் பல கோடி ஆகிறது என்பார்கள். ஆகட்டும், அதில் ஏறுகிறவர்களிடம் வாங்கட்டும். கீழே பிள்ளைகள் நின்று போகும் அந்த நகரும் பட்டைக்கு அவ்வளவு செலவில்லை.

வேறு வழியில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஐடஹோவில் போகஸ் பேசின் லாப நோக்கமில்லாத மலை. 1998-இல் 500 டாலரில் இருந்த பாஸை 199-க்கு இறக்கியது, ஊரே திரண்டு வந்து வாங்கியது. வெர்மான்டில் மேட் ரிவர் க்ளென் 1995-இலிருந்து அங்கே சறுக்குகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். 2024-இல் அதே வெர்மான்டில் கில்லிங்டன் மலையைப் பெரிய நிறுவனம் விற்றபோது, வாங்கியது அந்த மலையிலேயே பல வருடம் பாஸ் வைத்திருந்தவர்கள் சேர்ந்த குழு. எல்லா ஊரிலும் இப்படி நடக்காது, தெரியும். ஆனால் விலை ஏறுவதுதான் இயற்கை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

கம்பெனிக்கும் கணக்கு புரியத் தொடங்கியிருக்கிறது போல. 2025-26-க்கு எபிக் பாஸ் விற்ற எண்ணிக்கை குறைந்தது. பாஸ் வைத்திருப்பவர் கூட்டி வரும் நண்பருக்குப் பாதி விலை என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பாஸ் வைத்திருக்கும் நண்பர் இல்லாதவர் என்ன செய்வார்? 329-இல் பாதியும் 160 டாலருக்கு மேல்தானே?

எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஆரம்பநிலைச் சரிவில் நான் விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது தானாக வந்து நின்றார். கம்பை ஊன்றி எழப் பார்க்காதே, இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே வை, அப்புறம் எழு என்றார். அவருடைய கையுறையில் பெருவிரல் பக்கம் டேப் சுற்றியிருந்தது. ஐந்து வயதிலிருந்து அதே மலைக்கு வருகிறாராம், அவருடைய அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவராம். இன்றைய விலையில் அந்த ஆலைத் தொழிலாளி தன் ஐந்து வயது மகளை அங்கே கூட்டிப்போயிருக்க மாட்டார். அவர் கூட்டிப்போகவில்லை என்றால் எனக்குக் கற்றுக்கொடுக்கவும் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடம் நான் பாஸ் புதுப்பிக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் ஒரு சின்ன மலை இருக்கிறது. இரண்டே லிஃப்ட், ஒரு கேன்டீன், கவுன்டரிலேயே நியாயமான விலை. வரும் சனிக்கிழமை அங்கே போகிறோம். எங்கள் தெருவில் புதிதாக வந்திருக்கும் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு வருகிறார்கள், இருவருமே இதுவரை பனியில் நின்றதில்லை. பெரியவளுக்கு என் மகளின் பழைய பூட்ஸ் சரியாக இருக்கிறது. சின்னவனுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. அளவு 19.5. யார் வீட்டு கராஜிலாவது சும்மா கிடந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.