ஒவ்வாமை மாத்திரை அட்ரினலினுக்கு மாற்றாகாது

“உணவு ஒவ்வாமை வந்தால் ஒரு ஒவ்வாமை மாத்திரை போதும், தடிப்பு இல்லையென்றால் பயப்பட வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருப்பதில் இரண்டு பகுதிகளுமே தவறு.

செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் என்ற ஒரே வேதிப்பொருளின் விளைவைத் தடுத்து அரிப்பையும் தடிப்பையும் குறைக்கின்றனவே தவிர, அனாஃபிலாக்சிஸ் எனப்படும் உயிராபத்தான நிலையில் ஏற்படும் தொண்டை வீக்கத்தையோ, மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தையோ, இரத்த அழுத்த வீழ்ச்சியையோ அவை நிறுத்துவதில்லை; விழுங்கிய மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் மேலும் வெளியேறுவதையும் மட்டுப்படுத்துகிறது. நிலைமை சீராகாவிட்டால் 5 நிமிடங்களுக்குப் பிறகு இரண்டாவது ஊசி தேவைப்படலாம். தேறியவர்களுக்கும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால், ஊசி போட்ட கையோடு அவசர ஊர்தியை அழைத்தாக வேண்டும்.

தோலில் எந்த மாற்றமும் இல்லாமலே அனாஃபிலாக்சிஸ் வரலாம். உணவுண்ட சிறிது நேரத்தில் குரல் கரகரத்தாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றினாலோ தடிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் கால்களை நீட்டி உட்காரலாம். பலரும் அறியாதது இது: அந்த நேரத்தில் திடீரென எழுந்து நிற்பதோ நடப்பதோகூட இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.