சோப்புப் பெட்டியில் கூழ்

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகச் சோப்புப் பெட்டியில் கட்டிக்குப் பதிலாகக் கூழைக் கண்டபோது, பல ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த எரிச்சல் பொங்கிவிட்டது. உறை முழுவதும் சந்தனமும் ரோஜாவும் பூத்துக் குலுங்க, உள்ளே இருப்பதைச் சொல்லும் வரி மட்டும் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத அளவில் ஏன் அச்சிடப்படுகிறது? இந்தியத் தர நிர்ணயத்தின்படி, முதல் தர 'டாய்லெட் சோப்'பில் மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது எண்ணெய், கொழுப்பிலிருந்து கிடைக்கும் உண்மையான சோப்புச் சத்து, 76 விழுக்காடாவது இருக்க வேண்டும். 'பேதிங் பார்' என்று பெயர் மாறினால் 40 விழுக்காடே போதும். இரண்டும் கடையில் ஒரே அடுக்கில், ஒரே பளபளப்போடு நிற்கும்போது, அவசரமாக வாங்குபவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால் சோப்போடு கிளிசரினும் உருவாகும். தோலுக்கு ஈரப்பதம் தரக்கூடிய அந்தக் கிளிசரினைப் பெரிய ஆலைகளில் உப்புநீரால் கழுவிப் பிரித்துத் தனியே விற்கிறார்கள். குளித்த பின் தோல் வறண்டு வெடித்தால், கிளிசரின் கலந்த களிம்பை நாம் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். இது என்ன நியாயம்?

போதாக்குறைக்கு, எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படலமாகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் நுரை வருவதில்லை. நேற்றிரவு கை வலிக்கத் தேய்த்துக் கழுவிய வாளியில், இன்று காலைக் குளியலுக்குப் பிறகு மீண்டும் அதே வெள்ளைக் கோடு படிந்திருக்கிறது.